முதலில் சூட்டை இறக்குங்கள், பிறகு போர்த்துங்கள்



பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நம் திண்டுக்கல் பக்கம் வெயில் எப்படிக் காயும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வெயிலில்தான் நிலக்கோட்டையில் மல்லிகை குவியும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி வண்டி வண்டியாகப் போகும். விடியுமுன் பறித்த மொட்டு, விற்பதற்குள் விரிந்துவிட்டால் விலை இறங்கிப் போச்சு. கூடையின் அடியில் நாலு தக்காளி கசிந்தால், கூடைக்கே விலையைக் குறைப்பார்கள். உரம் போட்டு, மருந்தடித்து, ஆள் கூலி கொடுத்து விளைவித்ததை, பறித்த பிறகு உள்ள சில மணி நேரத்தில் சூடு தின்றுவிடுகிறது. அந்தச் சூடு எப்படி வருகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி, சூடும் எப்போதும் வெப்பமான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு ஓடும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, தொட்டுத் தொட்டுப் பரவுவது. இதற்குக் கடத்தல் என்று பெயர். கொதிக்கிற குழம்பில் கிடக்கும் இரும்புக் கரண்டியின் காம்பு சுடுகிறதல்லவா, அதுதான். இரண்டாவது வழி சலனம். காற்றோ தண்ணீரோ சூட்டைச் சுமந்துகொண்டு போவது. உலையில் அடித் தண்ணீர் சூடாகி மேலே வருகிறது, மேல் தண்ணீர் கீழே இறங்குகிறது. மூன்றாவது கதிர்வீச்சு. வெயில் நம்மிடம் வருவது இப்படித்தான். தகரக் கொட்டகைக்குள் நிழலில்தான் நிற்கிறோம், ஆனாலும் மண்டை காய்கிறதே, ஏன்? காய்ந்த தகரம் கதிராகச் சூட்டைக் கீழே வீசுகிறது.

சரி, கீற்றுக் கொட்டகை ஏன் குளுமையாக இருக்கிறது? கீற்றுக்கு இடையில் காற்று அசையாமல் அடைபட்டுக் கிடக்கிறது. அசையாத காற்றில் சூடு லேசில் கடந்து போகாது. இரும்பு அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். வைக்கோல், உமி, மரத்தூள், தெர்மோகோல் எல்லாவற்றிலும் வேலை செய்வது இந்த அடைபட்ட காற்றுதான். அதிலே தண்ணீர் புகுந்துவிட்டால் போர்வை கெட்டது. ஏன்னா, தண்ணீர் காற்றைவிடச் சுமார் இருபது மடங்கு சூட்டைக் கடத்தும்.

இந்தப் போர்வையின் பலத்துக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் சுமார் 180 டன் ஐஸ் கட்டியோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பயணம் நான்கு மாதம். குளிர்சாதன மெஷின் எதுவும் கிடையாது. கட்டிகளை இடைவெளியில்லாமல் அடுக்கிச் சுற்றிலும் போர்வை கொடுத்ததுதான் பாதுகாப்பு. அப்படியும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. அதே வியாபாரம் சென்னைக்கும் வந்து, 1842-ல் கடற்கரையில் ஐஸ் வைக்கவே ஒரு கட்டடம் எழும்பியது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கிறதே, அதுதான் அந்த ஐஸ் ஹவுஸ்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்வை குளிரை உண்டாக்காது. உள்ளே இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். உள்ளே ஐஸ் இருந்தால் குளிரைக் காக்கும். உள்ளே சூடு இருந்தால் சூட்டையும் பத்திரமாகக் காக்கும்!

பூவும் காயும் பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கின்றன. மூச்சு விடுகின்றன. மூச்சு விடும்போது சூடு பிறக்கிறது. மல்லிகை மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். 10 டிகிரி சூடு ஏறினால் இந்த மூச்சு சுமார் இரண்டு மடங்காகிறது. அதனால், வெயிலில் கிடந்த தக்காளியை அப்படியே கட்டித் தார்ப்பாய் போட்டு மூடினால், அதன் சூட்டிலேயே அது வேகும்.

ஆகவே முதலில் சூட்டை இறக்க வேண்டும். காலையிலேயே பறியுங்கள். பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டு வந்து பரப்புங்கள். அடுத்த உதவி தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கணக்குப்படி அது 60 கிலோ தக்காளியை 10 டிகிரி குளிர வைக்கப் போதும். சுற்றுப்புறச் சூட்டையும் சேர்த்து இழுப்பதால் நடைமுறையில் பலன் குறையும். கூடைக்கு மேலே போடும் ஈரச் சாக்கு போர்வை வேலை செய்யாது, வியர்வை வேலை செய்யும். அதனால் அதன்மேல் காற்றுப் பட வேண்டும்.

டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1980-களில் இந்த முறையிலேயே மின்சாரம் வேண்டாத குளிர் பெட்டகம் ஒன்றைக் கண்டுபிடித்தது. கொத்தனார் இல்லாமல்கூடக் கட்டலாம். 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலத்துக்குச் செங்கல் பரப்பி, 67.5 செ.மீ. உயரத்துக்கு இரட்டைச் சுவர் எழுப்புங்கள். இரு சுவருக்கும் நடுவில் 7.5 செ.மீ. சந்து விட்டு ஆற்று மணல் நிரப்புங்கள். மணலும் செங்கல்லும் நன்றாக ஊறட்டும். பிறகு காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். மூங்கில் சட்டத்தில் சாக்குக் கட்டி மூடி செய்யுங்கள். மேலே ஒரு கீற்றுப் பந்தல், சுற்றிலும் காற்றோட்டம் அவசியம். சுமார் 100 கிலோ வைக்கலாம். கோடையில் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரை குறைவாக இருக்கும். ஐப்பசி அடைமழையில் பலன் தராது, ஈரக் காற்றில் தண்ணீர் ஆவியாகாது.

சின்ன வெங்காயத்தை மட்டும் இதில் வைத்துவிடாதீர்கள். அதற்கு ஈரம் ஆகாது. வழக்கம்போல் காற்றோட்டமான பட்டறைதான் சரி.

தூரத்து ஊருக்குப் பூ அனுப்புகிறவர்கள், குளிர்ந்த மொட்டைத் தெர்மோகோல் பெட்டியில் போட்டு, ஐஸைப் பாலிதீன் பையில் கட்டிப் பூவைத் தொடாமல் மேல்பக்கம் வையுங்கள். குளிர்ந்த காற்று கனம், தானே கீழே இறங்கும். தக்காளிக்கும் வாழைக்கும் ஐஸ் வேண்டாம். அதிகக் குளிரில் வாழைத் தோல் கறுக்கும், காயாகப் பறித்த தக்காளி சரியாகப் பழுக்காது.

நாளைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே செடியில் பறித்த தக்காளியில் ஒரு கூடையை நிழலில் ஆறவிட்டுக் கட்டுங்கள், இன்னொன்றைச் சூட்டோடு கட்டுங்கள். மூன்றாம் நாள் இரண்டையும் பிரித்துப் பார்த்தால், நான் சொன்னதைவிடக் கூடை நன்றாகச் சொல்லும்.