ரோடும் தலையெழுத்தும்



கிராமங்களுக்கு நாம் பேசப் போகிறபோதெல்லாம், "எங்கள் ஊருக்கு ரோடும் இல்லை, பஸ்ஸும் இல்லை, எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லக் கேட்கிறோம். அந்தத் தலையெழுத்தைப் படித்தவர் யாரும் இல்லை. ஆனால் எந்த ஊருக்கு ரோடு என்று எழுதின காகிதம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதை எழுதினவர்கள் மனிதர்கள். அதில் என்ன இருக்கிறதென்று சற்று கவனிப்போம்.

மத்திய சர்க்கார் 2000-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. சமவெளியில் 500 பேரும், மலை, பாலைவனம், பழங்குடிப் பிரதேசங்களில் 250 பேரும், அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்கு ரோடு என்பது அதன் விதி. ஆகவே ரோடு கடவுள் கணக்கில் வருவதல்ல, தலைக்கணக்கில் வருவது. அந்தக் கணக்காவது சரியாயிருக்கிறதா? 2024-ல் ஒப்புக்கொண்ட நான்காம் கட்டமும் 2011-ம் வருஷத்துத் தலைகளையே எண்ணுகிறது. இடையில் பிறந்தவர்கள் தலையில்லாதவர்களா?

இன்னொரு விதியையும் கேளுங்கள். சமவெளியில், ரோடு வந்துவிட்ட குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள் இருப்பதெல்லாம் ரோடு வசதி பெற்றதாகவே கொள்ளப்படும். இதில் என்ன கெடுதி என்பீர்கள். தோழர்களே, நம் நாட்டில் கிராமம் என்பது ஒரே ஊரா? வேலைக்குக் கூப்பிட்டால் காது கேட்க வேண்டும், ஆனால் காற்றும் மேலே படக்கூடாது என்று அளந்து தள்ளிவைத்த இன்னொரு ஊர் பக்கத்திலேயே இல்லையா? ரோடு கோவில் வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்கு 400 மீட்டர் தள்ளியுள்ள சேரிக்கும் காகிதத்தில் ரோடு வந்துவிட்டது! மழைநாளில் பிரசவ வேதனைப்படுகிறவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறவனுக்கு அந்தக் காகிதம் ரோடாகுமா? அந்த 400 மீட்டரை வைத்தது யார்? ஜாதியல்லவா?

அதே விதிகளில் மற்றொன்றும் இருக்கிறது. 500 மீட்டருக்குள் உள்ள குடியிருப்புகளின் ஜனத்தொகையை ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம். ஊரில் 300 பேர், சேரியில் 250 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே நின்றால் இருவருக்கும் ரோடு இல்லை, சேர்ந்தால் 550. தொட்டால் தீட்டு என்கிறவர் ரோட்டுக்கு மாத்திரம் சேரியாரின் தலையைக் கூட்டிக்கொண்டு, ரோட்டைத் தன் வாசலோடு நிறுத்திக்கொள்வாரானால் அது யோக்கியமா? தலையைக் கூட்டினால் பாதையையும் நீட்டத்தான் வேண்டும்.

தலையெழுத்தை நம்பாத ஒருவரைப் பற்றியும் சொல்லுகிறோம். பீகாரில் கயா ஜில்லா கெஹ்லௌர் கிராமத்தில், எலி தின்னும் ஜாதி என்று இகழப்பட்ட முசஹர் வகுப்பில் பிறந்த கூலிக்காரர் தசரத் மாஞ்சி. இடையே நின்ற மலையைக் கடக்கையில் அவர் மனைவிக்கு அடிபட்டது; வைத்தியமோ சுற்றுவழியில் வெகு தூரத்தில் இருந்தது. மாஞ்சி மலையைக் கும்பிடவில்லை. 1960 முதல் 1982 வரை 22 வருஷம் சுத்தியலும் உளியும் கொண்டு, சுமார் 360 அடி நீளத்துக்கு 30 அடி அகலப் பாதை வெட்டினார். அத்ரிக்கும் வஜீர்கஞ்சுக்கும் இடையே 55 கிலோமீட்டராயிருந்த தூரம் 15 ஆயிற்று. 2007-ல் அவர் இறந்தபோது பீகார் சர்க்கார் மரியாதை செய்தது. மரியாதை சரி, ஒரு கூலிக்காரன் 22 வருஷம் மலையை வெட்டும்படி விட்டது எந்தச் சர்க்காருக்கு மரியாதை?

அவருக்கு மாலை போட்டுக் கும்பிடுவதால் உங்கள் ஊருக்கு ரோடு வராது. நாளைக்கே ஒரு கயிறு எடுத்து, ரோடு முடிகிற இடத்திலிருந்து சேரியின் கடைசிக் குடிசைவரை அளவுங்கள். தலைகளை எண்ணுங்கள். 2021-ல் எடுக்கவேண்டியதாயிருந்து 2027-க்குத் தள்ளிப்போடப்பட்ட ஜனக்கணக்கில் ஒரு குடிசையும் விட்டுப்போகாமல் பாருங்கள். ஊரும் சேரியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த மனு எழுதும்போதாவது எல்லோரும் ஒரே திண்ணையில் உட்காருவீர்களானால், ரோடு வருவதற்கு முன்பே பாதி தூரம் குறைந்துவிடும்.