ஒரு சாலை, பல பெயர்கள்

கோவையில் சிங்காநல்லூர் வழியாகப் போகும் சாலைக்குத் திருச்சி ரோடு என்று பெயர். அதே சாலை கரூருக்குள் நுழைந்தால் கோவை ரோடு. தஞ்சாவூரில் நாகை ரோடு, மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோடு. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் தொடங்கி, தமிழ்நாட்டின் அகலம் முழுவதையும் ஏறக்குறைய 500 கிலோமீட்டரில் கடந்து, கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டையில் போய்ச் சேரும் ஒரே வழிக்குத்தான் இத்தனை பெயர்.

முன்பு அதற்கு ஒரே எண்: தேசிய நெடுஞ்சாலை 67. 2010-ல் நாடு முழுவதும் எண்களை மாற்றியமைத்தபோது அது மூன்றாகப் பிரிந்தது. நாகையிலிருந்து திருச்சி வரை 83, அங்கிருந்து கோவை வரை 81, கோவைக்கு அப்பால் 181. பலகைகள் மாறின. மக்கள் வாயில் எதுவும் மாறவில்லை. போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் சாலைக்கும் பெயர்.

தஞ்சை வரை இருபுறமும் நெல் வயல்கள். திருச்சியைத் தாண்டியதும் காவிரி வலப்பக்கம் கூடவே வருகிறது. குளித்தலைப் பக்கம் வாழைத் தோட்டங்கள். கரூரில் வீட்டு உபயோகத் துணிகளும், பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும்.

கரூரோடு பச்சை மெல்ல விடைபெறுகிறது. காங்கேயம் பக்கம் சற்று வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைக் கொங்கு மக்கள் கொறங்காடு என்கிறார்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள அந்த வறண்ட காடுகளில்தான் காங்கேயம் மாடுகள் வளர்ந்தன. மழை குறைந்த மண்ணில் மாட்டை நம்பிப் பிழைக்கக் கற்ற மனிதர்களின் அறிவு அந்த வேலிகளில் இருக்கிறது. அவை அழியாமல் இருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளுக்குப் பிறகு குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். கேரட் மூட்டைகளுடன் இறங்கும் லாரிகள் கீழ் கியரில் முனகிக்கொண்டே வரும். சுமார் 50 கிலோமீட்டருக்குள் சாலை கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏறி ஊட்டியை எட்டிவிடுகிறது.

கூடலூருக்குப் பின் முதுமலை, எல்லைக்கு அப்பால் பந்திப்பூர். வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் செத்துக்கொண்டிருந்ததால், 2009-ல் பந்திப்பூர் வழியே இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. அந்த நேரத்தில் சாலை யானைகளுக்கும் மான்களுக்கும் உரியது. நியாயமான ஏற்பாடு அது. மைசூர் போகும் நேயர்கள் கூடலூரிலிருந்து பொழுதோடு கிளம்பிவிடுங்கள். இரவு 9 மணிக்கு மூடும் வழி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும்.