பொருளும் உழைப்பும்



இளம்பிள்ளை வாதத்தை உலகினின்றும் ஒழிக்க ரோட்டரி சங்கத்தார் 1985-ஆம் ஆண்டில் நிதி திரட்டத் தொடங்கினர். இந்தியாவில் இயற்கைக் கிருமியால் அந்நோய் இறுதியாகத் தாக்கியது, 2011 சனவரியில், நமது ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றையே. ஆயினும் பாகிஸ்தானத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் அஃது இன்னும் அற்றுவிடவில்லை. பயணச் சீட்டு இன்றியே நாடு கடக்க வல்லது கிருமி. ஆதலின், அயல்நாட்டுக் குழந்தையின் சொட்டு மருந்துக்கு நாம் ஈயும் பொருள் வெறும் தானமன்று. நம் பிள்ளைகளுக்கும் அதுவே காவல்.

பொருள் மட்டும் போதுமோ? மருந்துப் பெட்டியைச் சுமக்கத் தோளும், ரயில் மேடையில் தாய்மாரிடம் இன்சொற் கூற நாவும் வேண்டும். ஆண்டுக்கு ஒருநாட் சம்பளமும், சொட்டு மருந்து நாளில் உங்கள் உழைப்பும் நல்குமாறு வேண்டுகிறேன்.

வாழ்க குழந்தைகள்!