மடிப்பின் அடி, மலையின் முடி
(சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அஞ்சு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மலையைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஜியாலஜி மூன்றாம் ஆண்டில் எங்கள் ஐயா கரும்பலகையில் தொட்டில் மாதிரி ஒரு படம் போட்டார். "பாறை அடுக்குகள் கீழ்நோக்கி வளைந்தால் சின்க்ளைன். வேல்ஸ் நாட்டு ஸ்னோடன் மலையின் உச்சி இதுதான்" என்றார். "பள்ளம் எப்படி ஐயா உச்சியாகும்?" என்று எழுந்து கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "மேல்நோக்கி வளைந்த மடிப்பின் முதுகு இழுபட்டு விரிசல் விடும். மழையும் பனியும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். தொட்டிலின் அடி நெருக்குண்டு இறுகி நிற்கும். சுற்றி இருந்ததெல்லாம் கரைந்த பிறகு அதுதானப்பா உசரம்!" பரீட்சைக்கு எழுதினேன், மனசு ஒப்பவில்லை.

2014ல் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போனபோது அந்த மலைக்கே போனேன். உயரம் 1,085 மீட்டர், வேல்ஸிலேயே உயர்ந்தது. வேல்ஸ் மொழியில் அர் வித்வா. 2022ல் தேசியப் பூங்கா நிர்வாகமும் இந்தப் பெயரையே புழங்குவதென்று முடிவு செய்தது. ஏறுவதற்கு முக்கியமான பாதைகள் ஆறு. லான்பெரிஸ் பாதை நீளம், ஆனால் சுலபம். அதை ஒட்டியே 1896ல் திறந்த மலை ரயிலும் உண்டு. நானும் மாப்பிள்ளையும் பென்-இ-பாஸ் என்ற இடத்திலிருந்து பிக் பாதையில் கிளம்பினோம்.

வழியில் ஒரு கணவாயில் பாதை பிரிகிறது. வலப்பக்கம் போனால் கிரிப் கோக். கத்தி முனை போன்ற முகடு, இருபுறமும் பாதாளம். அன்று மூடுபனி. மேப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. முன்னால் போன நாலு பேர் பின்னாலேயே போனேன். கை ஊன்றி ஏற வேண்டி வந்தபோதுதான் உறைத்தது. "மாமா, திரும்பிடலாம்" என்றார் மாப்பிள்ளை. எனக்கு ரோஷம், இன்னும் பத்தடி ஏறினேன். கால் வழுக்கியது. அவர் என் பையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இன்று இந்த மேடையில் நான் இல்லை.

ஃபீல்டு ட்ரிப்பில் ஐயா ஓயாமல் சொல்வார்: "முன்னால போறவன் முதுகைப் பார்க்காதே, தரையைப் பார்." அங்கே ஞாபகம் வந்தது. வந்த வழியே இறங்கினோம்.

அடுத்த வாரம் மைனர்ஸ் பாதை. செம்புச் சுரங்கத்துக்காகப் போட்டது. லிடாவ் ஏரி, அதற்கு மேலே கிளாஸ்லின் ஏரி. பழைய பனியாறு கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி பள்ளங்கள். கிளாஸ்லினைத் தாண்டினால் செங்குத்து. பிறகு பிக் பாதையோடு சேர்ந்து, கடைசியில் தண்டவாளத்தை ஒட்டி உச்சி.

உச்சிப் பாறைக்குச் சுமார் 45 கோடி வயது. எரிமலைச் சாம்பல் கடலில் படிந்து இறுகியது. எல்லோரும் போட்டோ எடுக்க, நான் குனிந்து தரையைத் தேடினேன். கிடைத்தது: கல்லுக்குள் சின்னச் சின்னக் கிளிஞ்சல் அச்சுகள்! ஒரு காலத்துக் கடலடி, மடிப்பின் அடி, இன்றைக்கு வேல்ஸின் தலை. கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஐயா அந்த மலையைப் பார்த்ததில்லை. நான் போனபோது, சொல்வதற்கு அவரும் இல்லை. அதனால் அவர் நின்ற இந்த இடத்தில் சொல்கிறேன்: நீங்க போட்ட படம் சரிதான் ஐயா.

மாணவர்களே, தரையைப் பாருங்கள். வழி தப்பினால் திரும்ப வெட்கப்படாதீர்கள்.