தோற்றவர் விட்டுச்சென்ற வினா
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகைவண்டி நிலையத்தில் சரக்குக் கணக்கு எழுதும் எமக்குச் சமயச் சீர்திருத்தம் பற்றிப் பேசத் தகுதி உண்டோ என நீங்கள் ஐயுறலாம். உழைப்பவர் அறியவேண்டிய வரலாறு இது என்பதால் துணிந்தோம்.

1517 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர், பாவமன்னிப்புச் சீட்டு விற்ற திருச்சபையை எதிர்த்து எழுந்தார். அவர் வழியில் வந்தவர் தாமஸ் முன்ட்சர் என்னும் போதகர். ஆல்ஸ்டெட் என்னும் சிற்றூரில் 1523இல் வழிபாட்டை இலத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு மாற்றினார். சுரங்கத் தொழிலாளரும் குடியானவரும் திரண்டு வந்து கேட்டனர்.

லூதர் நின்ற இடத்தில் முன்ட்சர் நிற்கவில்லை. ஆண்டவன் முன் அனைவரும் சமமெனில், ஆறும் காடும் அவற்றில் வாழும் உயிர்களும் பிரபுக்களின் உடைமையாவது எங்ஙனம் என்று வினவினார். ஏழையைத் திருடனாக்குவதும் பிரபுக்களே, பின்னர் அவனைத் தூக்கிலிடுவதும் அவர்களே என்று 1524இல் எழுதினார். நூரென்பர்க் நகரில் அச்சான அந்நூலை நகரவையினர் பறிமுதல் செய்தனர்.

1525இல் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். மெம்மிங்கன் நகரில் அவர்கள் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் அடிமைத்தளை நீக்கமும், மீன்பிடிக்கவும் விறகெடுக்கவும் உரிமையும் அடங்கும். லூதரோ, கிளர்ச்சியாளரை வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களைத் தூண்டி எழுதினார். மே 15 அன்று பிராங்கன்ஹவுசன் களத்தில் ஆயிரக்கணக்கான உழவர் மடிந்தனர். மே 27 அன்று முன்ட்சரின் தலை வெட்டப்பட்டது.

அத்துடன் அவர் வினா மடிந்ததா? இல்லை. 1844இல் வெளியான கட்டுரையொன்றில் கார்ல் மார்க்ஸ் முன்ட்சரின் அக்கருத்தை எடுத்தாண்டார். 1848 புரட்சி தோற்றபின், சோர்ந்திருந்த தோழர்கட்கு ஊக்கமளிக்க, 1850இல் ஏங்கல்ஸ் அவ்வுழவர் போரின் வரலாற்றை எழுதினார். 1990 வரை நிலவிய கிழக்கு ஜெர்மனி, தன் ஐந்து மார்க் பணத்தாளில் முன்ட்சரின் உருவத்தைப் பொறித்தது. சமயத்தை மறுத்தோர், சமயப் போதகர் ஒருவரைத் தம் முன்னோராகக் கொண்டனர்! அவருடைய விண்ணரசை விட்டனர்; வினாவை வைத்துக்கொண்டனர்.

போர்ப்பயிற்சியற்ற உழவரைப் பீரங்கிக்கு முன் நிறுத்தியதை யாம் போற்றவில்லை, அவ்விழப்பு பெரிது. ஆயினும் அவ்வினா நம்மையும் விடாது. இன்றிரவு இங்கு ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். நாளைக் காலை நிலையத்தில் மூட்டை சுமக்கும் முதியவரை 'அடே' என்று அழைப்போமாயின், இப்பந்தியின் சமத்துவம் இலையோடு எறியப்பட்டதாகும். வழிபாட்டில் கண்ட சமத்துவத்தை வாயிலோடு விட்டுவிடாதீர் என்பதே முன்ட்சர் நமக்கு விட்டுச்சென்ற செய்தி.