அபயம் பெற்ற பூனைகள்

கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் கொலையுண்ட இடமெனச் சரித்திரம் குறிக்கும் ரோமாபுரியின் லார்கோ அர்ஜென்டினா இடிபாடுகளில், இன்று ஆதரவற்ற பூனைகள், தொண்டர்கள் அளிக்கும் ஆகாரமும் சிகிச்சையும் பெற்று நிர்ப்பயமாக வாழ்கின்றன. தெருப்பூனைகளைத் தீராப் பிணி கண்டாலன்றிக் கொல்லலாகாது, கருத்தடை செய்து அவற்றின் இடத்திலேயே திரும்ப விடவேண்டும் என்று இத்தாலி 1991இல் இயற்றிய சட்டத்தில் ஜீவகாருண்யமும் விவேகமும் ஒருங்கே விளங்குகின்றன.

இத்தகைய தெருப்பூனைகளுள் மனிதரோடு பழகும் ஒன்றை வீட்டில் ஏற்போர், முதலில் ஓர் அறையை மட்டும் அதற்கு ஒதுக்கி, ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டியும், உணவுக்குச் சற்றுத் தள்ளிக் கழிவுக்கான மணல் தட்டும் வைத்து, அது தானாக நெருங்கும்வரை தூக்காமலும் துரத்தாமலும் பொறுத்திருப்பாராயின், புது வீட்டின் வாசனை பழகிய அந்த ஜீவன் அச்சம் நீங்கிக் குடும்பத்தில் ஒன்றாகிவிடும். ஆகாரம் அளிப்பது தயை. அவகாசம் அளிப்பது அதனினும் பெரிய தயை.