மயிற்பொறியும் மொறிஸ் மைனரும்



சீவக சிந்தாமணியை வகுப்பில் நடத்தும்போது, தூங்கி வழிகின்ற பிள்ளையும் நிமிர்ந்து உட்காருகின்ற இடம் ஒன்றுண்டு. அதுதான் மயிற்பொறி. பகை சூழ்ந்த வேளையில் சச்சந்தன் தன் தேவி விசயையை அதில் ஏற்றி அனுப்புகிறான். பொறியை வலப்புறம் திரித்தால் மேலெழும். இடப்புறம் திரித்தால் கீழிறங்கும். துணி, நூல், அரக்கு, மெழுகு என்று அதைச் செய்த பண்டங்களைக்கூடத் திருத்தக்கதேவர் விட்டுவிடவில்லை. ஏழே நாளில் செய்து முடித்தானாம் கம்மியன். சில வருடங்களுக்கு முன் பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், அது பழுதாப் போனா யார் திருத்துறது?"

உரையாசிரியர் எவரும் எழுப்பாத வினா இது. அதற்கான விடையை நான் கண்டது நூலகத்தில் அல்ல. பதுளையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ஒரு தகரக் கொட்டகையில் கண்டேன்.

அங்கே வசிப்பவர் எழுபது கடந்த பெரியவர். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர்; தேயிலைத் தொழிற்சாலையின் டீசல் எஞ்சினோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைப் பாஸ் என்பார்கள். சான்றிதழ் என்று ஒரு துண்டுக் கடதாசியும் அவரிடம் கிடையாது. 2023 ஆம் ஆண்டு பண்டாரவளையிலிருந்து ஒரு எஞ்சின் சிறிய லொறியில் அவர் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அது ஒரு ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் விளையாட்டுக் காரின் இதயம். காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் 1972 இலும் 1975 இலும் வந்த பின் துரைமார் பலர் கப்பலேறினார்கள் அல்லவா? அந்த நாட்களில் கைமாறிய வண்டி என்று உரிமையாளர் சொன்னார்.

இந்த ஸ்பிரைட்டைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். அது 1958 இல் வெளிவந்தது. முன்மூடியின் மேல் இரண்டு விளக்குகள் தவளையின் கண்களைப் போலத் துருத்திக்கொண்டிருப்பதால் ஆங்கிலேயர் அதைத் தவளைக்கண் என்றே செல்லமாக அழைத்தார்கள். கதவுக்கு வெளிப்புறக் கைபிடி இல்லை. பின்புறப் பெட்டிக்கு மூடியும் இல்லை. செலவைக் குறைக்க அப்படிச் செய்தார்கள். அதனினும் பெரிய சிக்கனம் எஞ்சினில் இருந்தது. புதிதாக ஒன்றை வார்க்காமல், 1956 முதல் மொறிஸ் மைனரில் ஓடிக்கொண்டிருந்த அதே 948 கனசென்ரிமீற்றர் எஞ்சினை எடுத்து, ஒரு கார்புரேட்டருக்குப் பதிலாக இரண்டைப் பூட்டி, 37 குதிரைவலுவை 43 ஆக்கினார்கள். ஸ்டியரிங்கும் மைனரினுடையதே.

மொறிஸ் மைனர் எங்கள் நாட்டில் யாருடைய வண்டி? டொக்டர், தபாலதிபர், பாடசாலை அதிபர், வாடகைக்கார் ஓட்டுபவர் ஆகியோரின் வண்டி. காற்றைக் கிழித்துக்கொண்டு துரை போன காருக்குள்ளும், பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றிக்கொண்டு பசறை வீதியில் ஊர்ந்த காருக்குள்ளும் துடித்தது ஒரே எஞ்சின்தான். இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு அது எப்போதோ தெரிந்த சங்கதி. "அதனாலதான் மாஸ்டர் நான் கைவச்சேன். மைனர் எத்தனை பிரிச்சிருப்பேன்!"

கொழும்புக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் உரிமையாளர் முதலில் நினைத்தாராம். எழுபது வயதுக் கைகளை நம்பலாமா என்ற தயக்கம். பெரியவருக்கும் அது தெரிந்திருந்தது. என்னை அழைத்து, ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வரும்படி கேட்டதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். "நான் சொல்றத எழுதிக்கிட்டே வாங்க. எனக்கு ஒண்ணு ஆயிட்டாலும் பூட்டுறவனுக்கு விளங்கணும்."

ஒரு போயா தினத்தில் பிரிக்கத் தொடங்கினோம். கழற்றிய ஒவ்வொன்றும் மண்ணெண்ணெயில் குளித்துப் பழைய பத்திரிகைத் தாளின் மேல் வரிசையாக அமர்ந்தது. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதலாம் சிலிண்டர். அங்கிருந்தே எண்ண வேண்டும். கிராங்கைத் தாங்குகின்ற மூன்று பெரிய பெயாரிங்குகளின் மூடிகளில் நான் ஒட்டிய துண்டுகளை அவர் மூன்று தரம் சரிபார்த்தார். "கேப்ப மாத்திப் போட்டா கிராங் பிடிச்சுக்கும் மாஸ்டர்." காரணம் கேட்டேன். மூடியைப் பூட்டிய நிலையிலேயே தொழிற்சாலையில் துளையைக் கடைகிறார்கள். ஆகவே பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

பிறகு அளவெடுப்பு. புதிதில் சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய இரண்டரை அங்குலம். அதில் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு தேய்ந்தாலே போதும், ஒயில் எரிந்து நீலப் புகை தள்ளும். உச்சியில் ரிங் தொடாத இடத்தில் ஒரு சிறு வரம்பு நிற்கும். அதற்குச் சற்றுக் கீழேதான் தேய்வு அதிகம். வெடிப்பின் அழுத்தம் அங்கே மிகுதி. ஒயிலோ அங்கே குறைவு. பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து உந்துவதால் வட்டமான துளை நாளடைவில் நீள்வட்டமாகிறது. அவர் விரல் நகத்தால் வரம்பைத் தடவி எவ்வளவு தேய்வு என்றார். அளவுகருவி பிறகு அதையேதான் காட்டியது. ஆயிரத்தில் இருபது பங்கு அகலமாகக் கடைவதென்று முடிவாயிற்று. அதற்கேற்ற பிஸ்டன்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. 1951 இல் பிறந்த இந்த எஞ்சின் வர்க்கம் 2000 ஆம் ஆண்டுவரை மினி கார்களில் ஓடியதால் வந்த நன்மை இது. கஸ்கட் முதலான சில்லறைகளுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கவே இருக்கிறது.

நேயர்களே, ஒரு தமிழாசிரியனுக்கு இந்தக் கொப்பி தந்த வேதனையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பிஸ்டனுக்கு நம் பாடநூல்கள் முசலம் என்கின்றன. முசலம் என்றால் உலக்கை. நான் அதை விளக்கியபோது தேநீர் கொண்டுவந்த பெரியவரின் மனைவி, "உலக்கைன்னே எழுதிடுங்களேன், எனக்கும் விளங்கும்" என்றார். சொல் நம்மிடம் இருக்கிறது, கையும் நம்மிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே கொட்டகையில் சந்தித்ததில்லை. தோட்டத்துப் பையன்கள் கராஜுகளில் கரி பூசிய முகத்தோடு கற்கும் அறிவு, எழுத்தில் ஏறாமலே தலைமுறைக்குத் தலைமுறை கரைகிறது. நான் கடைசியில் பிஸ்டன் என்றே எழுதினேன். பூட்டுகிறவனுக்கு விளங்க வேண்டுமே!

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவின் கதையை ஒரு மாலை அவருக்குச் சொன்னேன். 1893 இல் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் மனதைப் பறிகொடுத்து, உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை 300 ரூபாய்க்கு வாங்கி, ஓடித் திரிவதற்குப் பதிலாகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டியவர். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பூட்டி முடிச்சப்ப ஒண்ணும் மிஞ்சலையா?"

வால்வுகளின் கதை வேறு. அந்தக் காலத்துப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. எரிந்த ஈயம் வால்வு அமரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து அதைக் காத்தது. இலங்கையில் 2002 இல் ஈயம் நீங்கியது. பிள்ளைகளின் மூளைக்கு அது நன்மை. பழைய எஞ்சினுக்குக் கேடு. புகை வெளியேறும் வால்வுகளின் கீழே கடின உருக்கு வளையங்களைப் பதித்துத்தான் ஈடு செய்ய வேண்டும். அதைக் கடைச்சல் பட்டறையில் செய்வித்து, அரைபசை தடவி, வால்வுகளைக் கையாலேயே திருகித் திருகி அமர்த்தினார். பகல் முழுதும் அந்தச் சரக் சரக் ஒலி எங்கள் வீடுவரை கேட்கும்.

மயிற்பொறிக்கு ஏழு நாள். இதற்கு ஏழு மாதம். நாட்டில் 2020 முதல் வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. தனியார் கார்களுக்கு 2025 இல்தான் வழி திறந்தது. பழைய எஞ்சின் வைத்திருந்தவர்கள் எல்லாரும் பட்டறைகளில் வரிசையில் நின்றார்கள்.

சிலிண்டர் தலையின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றில், சிறிது சிறிதாக இறுக்கினார். ஓரத்திலிருந்து தொடங்கினால் தலை வளையும். வெடிக்கும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. நேர்வரிசையில் வெடித்தால் கிராங் முறுகி அதிரும் என்றார். இந்த வரிசை பிசகினால் எஞ்சின் இருமும். வெண்பாவில் தளை தட்டுகிறது என்கிறோமே, காதுக்கு அது அப்படியே இருந்தது.

பண்டாரவளையில் வண்டிக்குள் எஞ்சினை இறக்கிய நாளில் இருவரும் பஸ்ஸில் போனோம். முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் அழுத்தமானி அசையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றச் சொன்னார். பிறகு பிளக் பூட்டி இழுத்தபோது, இரண்டு தரம் தும்மி மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. உரிமையாளர் கைதட்டினார். பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. ஒரு ரப்பர்க் குழாயை முதலாம் கார்புரேட்டரின் வாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தார், பிறகு இரண்டாவதில். இரண்டும் ஒரே அளவு மூச்சிழுக்கும்வரை திருகாணியைத் திருப்பினார். தொழிற்சாலை இரைச்சலில் அவருக்கு இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதால்தான் எல்லாம்.

புறப்படும்போது, ஐந்நூறு மைல் ஓடியதும் தலை நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும், வால்வு இடைவெளியையும் பார்க்க வேண்டும், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றார். உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தியத்தலாவைவரை போய்வருகிறார். சென்ற மாதம் விசாரித்தபோது முந்நூற்றுப் பத்து மைல். கொப்பியில் அதற்கென்று ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.